திரையில் எழும் பொய் எச்சரிக்கை

வீட்டுக் கணினியில் நாம் யாதேனும் படித்திருக்கையில், திரை முழுவதையும் மறைத்து ஒரு சாளரம் எழுகின்றது. "கணினியில் வைரஸ் புகுந்துள்ளது, இவ்விலக்கத்தை உடனே அழையுங்கள்" என அலறுகின்றது. அஞ்ச வேண்டுவதில்லை. அஃது ஓர் இணையப்பக்கமேயாம். நமது வன்தட்டைச் சோதித்து நோய் கண்டறியும் ஆற்றல் அதற்கில்லை. கேடு விளைவது அவ்விலக்கத்தை நாம் அழைப்பதனாலேயே. மறுமுனையிலுள்ளார் சொற்படி, தொலைவிலிருந்து கணினியை இயக்கும் மென்பொருளை நிறுவுவோமாயின், வங்கிக் கணக்குவரை அவருக்கு வழி திறந்தவராவோம். பிள்ளைகள் கடல்கடந்திருக்க, வீட்டில் தனித்திருக்கும் முதியோருக்கு இதனை முன்னரே சொல்லி வைத்தல் நம் கடனாகும்.

அச்சாளரத்தில் எதனையும் தொடாது, விண்டோஸ் கணினியாயின், கொன்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் விசைகளை ஒருங்கே அழுத்துக. தோன்றும் பட்டியலில் உலாவியைத் தெரிந்து முடிவுறுத்துக. மீளத் திறக்கையில், முன்னைய பக்கங்களை மீட்கவோ என உலாவி வினவின் மறுத்துவிடுக. மீட்டால் அப்பேயும் உடன்வரும்!

திரையின் மூலையில் நாடோறும் முளைக்கும் சிறு விளம்பரங்களோ வேறினத்தன. கேள்வியை வாசியாது 'அனுமதி' என நாமே ஒருகால் அழுத்தியதன் பயன் அவை. உலாவி அமைப்புகளில் 'அறிவிப்புகள்' என்னும் பகுதியை அடைந்து, அறியாத தளங்களை நீக்குக. உலாவி அடிக்கடி நின்றுபோமாயின், சேர்த்துள்ள நீட்சிகளை ஒவ்வொன்றாக நிறுத்திப் பார்க்க.

விண்டோஸ் 10 இற்கான வழமையான ஆதரவு 2025 ஒக்டோபர் 14 ஆந் திகதி முடிவுற்றமையால், அதனை இன்னும் வைத்திருப்போர் விண்டோஸ் 11 இற்கு மாறுதல் நன்று.