வங்கிக் கன்மேன் வேலைக்குப் போகிறீர்களா?

ராணுவப் பணி முடித்து ஊர் திரும்புகிறவர்களுக்கு வங்கிக் காவல் பழகிய வேலைதான். துப்பாக்கி நமக்குப் புதிதா என்ற தைரியத்தில் பலர் சேர்ந்துவிடுகிறார்கள். ஆனால் யூனிட்டில் ஆயுதத்தைப் பூட்டிவைக்கக் கோத் என்ற ஆயுத அறை இருந்தது, கணக்குப் பார்க்க ஆள் இருந்தது. இங்கே டபுள் பேரல் துப்பாக்கி உங்கள் தோளில், சுற்றிலும் பென்ஷன் வாங்க வந்த பெரியவர்கள்.

முதலில் காகிதம். துப்பாக்கி உங்களுடையது என்றால் லைசென்ஸ் எந்தத் தேதி வரை என்று இன்றே பாருங்கள். வங்கியுடையது என்றால், அந்த லைசென்ஸில் அதை ஏந்த உரிமையுள்ளவராக உங்கள் பெயர் ஏறியிருக்க வேண்டும். "பிறகு சேர்த்துக்கொள்ளலாம்" என்று மேலாளர் சொன்னாலும் அதுவரை தொடாதீர்கள். 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டம் துப்பாக்கி யார் கையில் இருக்கிறதோ அவரைத்தான் முதலில் கேட்கும். தேர்தல் அறிவித்ததும் லைசென்ஸ் துப்பாக்கிகளை ஒப்படைக்கச் சொல்வார்கள். வங்கிக் காவலுக்கு விலக்கு கிடைத்தால் அந்த உத்தரவின் நகலைச் சட்டைப் பையிலேயே வைத்திருங்கள்.

அடுத்தது கைப்பழக்கம். வங்கி வாசலில் நான் அடிக்கடி பார்த்துப் பதறும் காட்சி ஒன்று உண்டு. காவலர் நாற்காலியில் உட்கார்ந்து, துப்பாக்கியை முழங்கால்களுக்கு நடுவே நிறுத்தி, குழல் முனையில் தாடையை ஊன்றியிருப்பார். சேஃப்டி போட்டிருக்கிறதே என்பார். இந்த ரகத் துப்பாக்கிகள் பலவற்றில் சேஃப்டி ட்ரிகரை மட்டுமே தடுக்கும். உள்ளே தேய்ந்திருந்தால், கீழே விழுந்த அதிர்ச்சியிலேயே வெடித்துவிடலாம். ஆகவே தோள்பட்டை வாரின் கொக்கியையும் தையலையும் தினமும் இழுத்துப் பாருங்கள். இற்றிருந்தால் அன்றே மாற்றச் சொல்லுங்கள். பதிவேட்டில் கையெழுத்திடக் குனியும்போது முதுகுப் பக்கக் குழல் யாரை நோக்கித் திரும்புகிறது என்பதும் நினைவில் இருக்கட்டும். குனிய வேண்டாம், பதிவேட்டைக் கையில் எடுத்து எழுதுங்கள்.

தோட்டா போட்டு வைப்பதா வேண்டாமா என்பதை வங்கியிடம் எழுத்தில் வாங்குங்கள். ஷிப்ட் மாறும்போது ஆளில்லாத இடத்தில், மணல் மூட்டையை நோக்கித் துப்பாக்கியை மடக்கித் திறந்து, தோட்டாக்களை எடுத்து, இரண்டு குழல்களும் காலி என்று கண்ணால் பார்த்துக் கொடுங்கள். வாங்குகிறவரும் தானே பார்க்க வேண்டும். "இப்போதுதான் பார்த்தேன்" என்ற வார்த்தையை ஏற்காதீர்கள், சொன்னவர் உங்கள் பழைய சுபேதாராகவே இருந்தாலும். 12 போர் துப்பாக்கியில் 20 போர் தோட்டா தவறிப்போய் விழுந்தால் குழலுக்குள் சிக்கிக்கொள்ளும். அதன் பின்னால் இன்னொன்றைப் போட்டுச் சுட்டால் குழலே பிளக்கும். ஈரத்தில் ஊதிய தோட்டாவையும் ஒதுக்கிவிடுங்கள். வங்கிக் கிளையில் உட்கார்ந்து துப்பாக்கியைத் துடைப்பது கூடவே கூடாது.

அசட்டையாகச் சுட்டுப் பிறர் உயிருக்கு ஆபத்து விளைவித்தால், ஆயுதச் சட்டத்தின் 2019 திருத்தத்தின்படி 2 ஆண்டு வரை சிறை, அல்லது 1 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். கல்யாண வீட்டில் மகிழ்ச்சிக்காகச் சுடுவதற்கும் இதே தண்டனைதான்.

சொந்தத் துப்பாக்கி வேலை முடிந்ததும் உங்களோடு வீட்டுக்கு வரும். அதை ஒரு பீரோவில் பூட்டி, தோட்டாவை வேறு இடத்தில் பூட்டி, இரண்டு சாவியையும் உங்களிடமே வைத்துக்கொள்ளுங்கள். விடுமுறைக்கு வந்த அக்கா மகன், "ஒரே ஒரு தடவை தொட்டுப் பார்க்கிறேன் மாமா" என்பான். அவன் எவ்வளவு அழுதாலும் பீரோ திறக்கக் கூடாது.