காய்கறிக்கு ஈடாகுமா ஊட்டச்சத்துப் பொடி?

கேரள மாநிலத்தின் பாலக்காடு மாவட்டத்தில், கோவை எல்லையை ஒட்டி அட்டப்பாடி அமைந்துள்ளது. இருளர், முடுகர், குறும்பர் ஆகிய பழங்குடி மக்கள் வாழும் பகுதி இது. 2013-ஆம் ஆண்டில் இங்கு நிகழ்ந்த பச்சிளங் குழந்தைகளின் மரணங்கள் நாட்டின் கவனத்தை ஈர்த்தன. தாய்மாரின் இரத்தசோகையும் ஊட்டக்குறைவும் அப்போது பெரிதும் பேசப்பட்டன. இதற்குப் பரிகாரமாக மாத்திரையும் சத்துமாவும் வழங்கினால் போதுமா, அல்லது கீரையும் காய்கறியும் மக்களின் உணவில் மீண்டும் இடம்பெற வேண்டுமா என்ற வினா, திட்டமிடுவோர் அனைவரும் சிந்திக்க வேண்டிய ஒன்றாகும்.

மூன்று வகைகள்

துணை ஊட்டங்கள் யாவும் ஒரே தன்மையன அல்ல. இரும்புச்சத்து மாத்திரை, வைட்டமின் ஏ திரவம் போன்றவை தனிச்சத்துகள். இவை மருந்தின் பாற்பட்டவை. கேரளத்தில் குடும்பஸ்ரீ மகளிர் குழுக்கள் தயாரித்து, ஆறு மாதம் முதல் மூன்று வயது வரையுள்ள குழந்தைகளுக்கு அங்கன்வாடிகள் வழியே வழங்கும் 'அமிர்தம்' சத்துமாவு இரண்டாம் வகை. கோதுமை, கடலைப்பருப்பு, சோயா, நிலக்கடலை, சர்க்கரை ஆகியவை சேர்ந்த இம்மாவு கலோரியையும் புரதத்தையும் தருகிறது; காய்கறியின் இடத்தை நிரப்புவது அதன் நோக்கமன்று. முருங்கை இலைப் பொடி போன்று, முழு உணவுப் பொருளையே உலர்த்தி அரைத்து விற்கப்படுபவை மூன்றாம் வகை. இவற்றையே காய்கறிக்கு மாற்று என விளம்பரங்கள் கூறுகின்றன.

உலர்த்துவதால் நேர்வது

பச்சை முருங்கை இலையில் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கு நீர். ஆகவே ஒரு கிலோ பொடிக்குச் சுமார் நான்கு கிலோ இலை தேவைப்படும். நூறு கிராம் பொடியில் சுண்ணாம்புச்சத்தும் இரும்புச்சத்தும் மிகுந்து காணப்படுவது நீர் நீங்கியதால்தான். புதிதாக எச்சத்தும் அதில் சேர்ந்துவிடவில்லை. ஒருவர் நாளொன்றுக்குப் பத்து கிராம் பொடி உட்கொண்டால், அது நாற்பது கிராம் பச்சை இலைக்கே சமம். கீரைப் பொரியலாக உண்பவர் இதைவிடக் கூடுதலாகவே உண்டுவிடுவார். மேலும், உலர்த்தும்போது வைட்டமின் சி-யின் பெரும்பகுதி அழிகிறது. நேரடி வெயிலில் காயவைத்தால் பீட்டா கரோட்டினும் குறைகிறது. நிழலில் உலர்த்துவது ஓரளவு நன்று.

இருப்பினும், கீரை கிடைக்காத வறண்ட மாதங்களில் பொடி பயனுள்ளதே. அது கெடாமல் இருக்கும். எளிதில் எடுத்துச் செல்லலாம். குழந்தையின் கூழில் கலக்கலாம். ஆனால், உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைக்கும் நாளொன்றுக்கு 400 கிராம் காய்கறி, பழம் என்ற அளவை இரண்டு கரண்டிப் பொடியால் எட்ட இயலாது.

தனிச்சத்தின் பயனும் எல்லையும்

காய்கறியில் நலம் தருவது அதிலுள்ள ஒரு சத்து மட்டுமே எனக் கருதிய ஆய்வுகள் எதிர்பாராத முடிவுகளைத் தந்தன. பின்லாந்தில் புகைபிடிக்கும் ஆண்கள் 29,000-க்கும் மேற்பட்டோரிடம் நடந்த ஆய்வின் முடிவு 1994-இல் வெளியாயிற்று. பீட்டா கரோட்டின் மாத்திரை உண்டோரிடையே நுரையீரல் புற்றுநோய் குறையவில்லை. மாறாக 18 விழுக்காடு கூடுதலாக இருந்தது. அமெரிக்காவில் நடந்த இதுபோன்ற மற்றோர் ஆய்வு 1996-இல் இடையிலேயே நிறுத்தப்பட்டது. கேரட்டில் உள்ள பீட்டா கரோட்டின் நார்ச்சத்துடனும் வேறு பல சத்துகளுடனும் சிறிதளவாக உடலுக்குச் செல்கிறது. மாத்திரையிலோ அது தனித்தும் மிகுந்தும் செல்கிறது.

இதனால் மாத்திரையே வேண்டாம் என்பது பொருளன்று. கருவுறுமுன்பே ஃபோலிக் அமிலம் உட்கொண்டால், குழந்தைக்கு நரம்புக்குழாய்க் குறை மீண்டும் நேரும் வாய்ப்பு 72 விழுக்காடு குறையும் என 1991-இல் வெளியான பன்னாட்டு ஆய்வு நிறுவியது. கீரையில் உள்ள இரும்புச்சத்தை உடல் சிறிதளவே ஈர்த்துக்கொள்கிறது. எனவே, இரத்தசோகையுற்ற கர்ப்பிணியைக் கீரை ஒன்றினாலேயே குறுகிய காலத்தில் தேற்றிவிட முடியாது. 2018-இல் தொடங்கிய 'இரத்தசோகையற்ற பாரதம்' திட்டத்தின்படி, கர்ப்பிணிகளுக்கு 60 மில்லிகிராம் இரும்புச்சத்தும் 500 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலமும் கொண்ட மாத்திரை 180 நாட்களுக்கு அளிக்கப்படுகிறது.

அட்டப்பாடியில் அரிவாள் செல் இரத்தசோகையும் காணப்படுகிறது. இது பரம்பரை நோய், இரும்புச்சத்தால் குணமாவதன்று. ஆகவே மாத்திரை தருமுன் இரத்தப் பரிசோதனை இன்றியமையாதது.

வயலும் உணவுத் தட்டும்

அட்டப்பாடியில் முன்னர் கேழ்வரகு, சாமை, தினை ஆகியவற்றுடன் துவரை, அவரை, கீரை ஆகியன கலந்து பயிரிடப்பட்டன. ஒரே வயல் தானியம், பருப்பு, காய் மூன்றையும் வீட்டிற்கு வழங்கிற்று. நிலம் கைமாறியதாலும் இச்சாகுபடி சுருங்கியதாலும், ரேஷன் அரிசியே முதன்மை உணவாயிற்று. 2017-இல் தொடங்கிய சிறுதானியக் கிராமத் திட்டம் இப்பயிர்களை மீட்க முனைந்தது. அட்டப்பாடித் துவரையும் ஆட்டுக்கொம்பு அவரையும் 2022-இல் புவிசார் குறியீடு பெற்றன.

இடுக்கி எல்லையிலுள்ள வட்டவடை, காந்தளூர் ஆகிய மலைக் கிராமங்களின் நிலை வேறு. கேரட், முட்டைக்கோசு, பீன்ஸ், உருளைக்கிழங்கு, பூண்டு ஆகியன அங்கு செழித்து விளைந்து வெளிச்சந்தைகளுக்குச் செல்கின்றன. ஆனால் விளைவிக்கும் ஊரே தன் விளைச்சலை உண்ணும் எனக் கொள்வதற்கில்லை. பணப்பயிராக மாறிய காய்கறியில் ஒரு பங்கேனும் உள்ளூர் அங்கன்வாடிக்கும் பள்ளிக்கும் சென்றாலன்றி, விளைச்சல் ஊட்டமாக மாறாது.

செய்யத்தக்கன

பரிசோதனையில் குறை கண்டறியப்பட்டோருக்கு மாத்திரை. வளரும் குழந்தைக்குச் சத்துமாவு. எல்லோருக்கும் நாள்தோறும் காய்கறி என்பதே முறையான வரிசை. அங்கன்வாடி தோறும் முருங்கை, அகத்தி, பப்பாளி நட்டுப் பேணலாம். கீரையைச் சிறிது எண்ணெயுடன் சமைத்தால் பீட்டா கரோட்டின் நன்கு உடலில் சேரும். எலுமிச்சை, நெல்லிக்காய் ஆகியவற்றின் வைட்டமின் சி இரும்புச்சத்து சேர உதவும். உணவோடு தேநீர் அருந்துவது அதைத் தடுக்கும். தாய்மாருக்கு இவற்றை எடுத்துரைக்கத் தனி நிதி தேவையில்லை.

எத்தனை பொட்டலம் வழங்கப்பட்டது என்பதை அலுவலகப் பதிவேடு காட்டும். எத்தனை வீட்டில் இன்று கீரை சமைக்கப்பட்டது என்பதைக் களத்தில்தான் அறிய இயலும். இவ்விரண்டையும் சேர்த்துக் கணக்கிடும்போதே ஊட்டத் திட்டத்தின் உண்மையான பயன் புலப்படும்.