பீங்கானில் பதிந்த இலச்சினைகள்

எங்கள் மூத்தம்மாவின் கண்ணாடி அலுமாரியில் ஒரு பழைய பீங்கான் இருக்கிறது. அதன் பின்புறத்தில், சிங்கமும் ஒற்றைக்கொம்புக் குதிரையும் இருபுறமும் தாங்கி நிற்கும் ஒரு கேடயம். “இது இங்கிலாந்து ராஜாட மாளிகைப் பீங்கான் மகள்” என்று அவர் சொல்லக் கேட்டே நாங்கள் வளர்ந்தோம். சென்ற விடுமுறையில் பழம்பொருள் வாங்கும் ஒருவர் அதைப் பார்த்துவிட்டு மிகக் குறைந்த விலை சொன்னார். வீட்டுக் கூரை ஒழுகிக்கொண்டிருந்த நேரம் அது. பெரிய தொகையை எதிர்பார்த்திருந்த வாப்பா, அவர் ஏமாற்றுகிறார் என்று கோபப்பட்டுத் திருப்பி அனுப்பினார். உண்மையை அறியவே நான் இவ்விடயத்தைத் தேடிப் படித்தேன்.

இலச்சினை என்பது ஐரோப்பாவில் 12ஆம் நூற்றாண்டளவில் வழக்கத்துக்கு வந்தது. தலைக்கவசம் முகத்தை மறைத்ததால், வீரர்கள் கேடயத்தில் வரைந்த சின்னமே அவர்களை அடையாளம் காட்டியது. பின்னர் அது தந்தையிடமிருந்து பிள்ளைகளுக்குச் செல்லும் குடும்பச் சின்னமாயிற்று. நகரங்களும் கம்பனிகளும் கல்லூரிகளும் தமக்கென இலச்சினை வைத்துக்கொண்டன. காலிக் கோட்டையின் பழைய வாயிலில், உட்புறமாக, 1669ஆம் ஆண்டு பொறிக்கப்பட்ட ஒல்லாந்துக் கிழக்கிந்தியக் கம்பனியின் இலச்சினையை இன்றும் காணலாம். நமது சீருடையில் குத்தும் பாடசாலைச் சின்னமும் இந்த வழக்கத்தின் தொடர்ச்சியே.

இச்சின்னங்கள் பீங்கானுக்கு வந்த கதை சீனாவில் தொடங்குகிறது. உயர்தர வெண்பீங்கான் செய்யும் இரகசியத்தை ஐரோப்பியர் நீண்டகாலம் அறிந்திருக்கவில்லை. ஜெர்மனியின் மைசன் நகரில் 1710இல்தான் அதற்கான தொழிற்சாலை தொடங்கியது. அதற்கு முன்பும் பின்பும், செல்வக் குடும்பங்கள் தமது இலச்சினையைக் காகிதத்தில் வரைந்து கப்பலில் கண்டன் துறைமுகத்துக்கு அனுப்பின. புத்தகங்களில் ஒட்டும் உரிமைச் சீட்டையே மாதிரியாக அனுப்பியவர்களும் உண்டு. ஜிங்டெசென் நகரில் பீங்கான் சுடப்பட்டது. 18ஆம் நூற்றாண்டில் பல பீங்கான்கள் வெள்ளையாகவே கண்டனுக்கு வந்து, அங்கே வர்ணம் பெற்றன. கேட்டவர் கைக்குப் பொருள் வந்துசேர ஓரிரு ஆண்டுகளாவது செல்லும். பிரித்தானியக் குடும்பங்களுக்காக மட்டும் இவ்வாறு சுமார் 4000 தொகுதிகள் செய்யப்பட்டதாகக் கணக்கிடப்பட்டுள்ளது.

வரைந்த கலைஞருக்கு அச்சின்னங்களின் பொருள் தெரியாது; கண்டதை அப்படியே பிரதி செய்தார். அதனால் பிழைகளும் நேர்ந்தன. 16ஆம் நூற்றாண்டுக் குடுவை ஒன்றில் போர்த்துக்கல் அரச இலச்சினை தலைகீழாக வரையப்பட்டுள்ளது. ஆனால் அதே கைகள் வியக்கத்தக்க வேலைகளையும் செய்தன. 1730களில் லீ என்ற ஆங்கிலக் குடும்பத்துக்காகச் செய்த பீங்கான்களின் நடுவில் குடும்ப இலச்சினையும், விளிம்பில் லண்டன், கண்டன் ஆகிய இரு நகரங்களின் நீர்க்கரைக் காட்சிகளும் உள்ளன. உலகின் இரு முனைகள் ஒரே பீங்கானில் சந்திக்கின்றன.

இன்று இவற்றைச் சேகரிப்போருக்குப் பெரும் துணையாக இருப்பது டேவிட் ஹவார்ட் எழுதி 1974இல் வெளிவந்த நூலாகும். இலச்சினையைக் கொண்டு குடும்பத்தையும், குடும்பத்தைக் கொண்டு காலத்தையும் கண்டறிய அது வழிகாட்டியது. சேகரிப்போர் முதலில் பார்ப்பது மூன்று விடயங்கள். ஒன்று, இலச்சினை முன்புறத்தில் இருக்கிறதா, பின்புறத்தில் இருக்கிறதா என்பது. உரிமையாளரின் சின்னம் பொதுவாக முன்புறத்தில் இருக்கும். பின்புறத்தில் உள்ள அரச இலச்சினை பெரும்பாலும் தொழிற்சாலையின் வியாபார முத்திரையே. இரண்டு, கையால் தீட்டியதா, அச்சிட்டதா என்பது. மேற்பூச்சாகத் தீட்டிய வர்ணம் விரலால் தடவும்போது சற்று மேடாகத் தெரியும்; அச்சில் நுண்ணிய புள்ளிகளோ கோடுகளோ உருப்பெருக்கிக் கண்ணாடியில் தெரியும். மூன்று, முத்திரையில் நாட்டின் பெயர் உள்ளதா என்பது. 1891இல் அமெரிக்கச் சுங்கச் சட்டம் நாட்டின் பெயரைக் கட்டாயமாக்கியது. எனவே ‘இங்கிலாந்து’ என்று ஆங்கிலத்தில் எழுதியிருந்தால், அது பெரும்பாலும் அதற்குப் பிந்தியதே.

உருப்பெருக்கிக் கண்ணாடியோடு அலுமாரியைத் திறந்தேன். எங்கள் பீங்கானின் சின்னம் பின்புறத்தில். பூக்கள் அச்சிட்டவை. சிங்கத்தின் காலடியில் ‘இங்கிலாந்து’. ஏராளமாக உற்பத்தியான சாதாரணப் பீங்கான்! வந்தவர் நியாயமான விலையைத்தான் சொல்லியிருந்தார். அவசரப்பட்டு அவரைக் குறை கூறியதற்காக வாப்பா வருந்தினார்.

மூத்தம்மாவிடம் சொல்வதற்குத்தான் எனக்குத் தயக்கமாக இருந்தது. மறைக்கவும் மனமில்லை. அருகில் அமர்ந்து முத்திரையைக் காட்டி விளக்கினேன். அவர் சிறிது நேரம் பேசவில்லை. பிறகு பீங்கானை வாங்கித் தன் முந்தானையால் துடைத்தார்.

“ராஜாட பீங்கான் இல்லாட்டி என்ன மகள்? எங்கட உம்மா எனக்குச் சோறு போட்ட பீங்கான்தானே.”

அது மீண்டும் அலுமாரியில் ஏறியது. உங்கள் வீட்டிலும் பழைய பீங்கான் இருக்கலாம். விற்குமுன், பெருமை பேசுமுன், ஒருமுறை திருப்பிப் பாருங்கள். அதில் சோறு உண்டவர்களின் கதையையும், சொல்ல ஆள் இருக்கும்போதே கேட்டு எழுதி வையுங்கள்.