செம்பும் சுண்ணாம்பும்: அரியலூர், பெரம்பலூர் மண்ணை முன்வைத்துத் தாவரத் தாங்குதிறன்

செடிக்குச் செம்பு உணவுமாகும், நஞ்சுமாகும். ஒளிச்சேர்க்கையில் மின்னணுக்களைக் கடத்தும் பிளாஸ்டோசயனின் புரதம் செம்பின்றி இயங்காது. அளவு மிகும்போது அதே செம்பு வேர் வளர்ச்சியைத் தடுத்து, இரும்பு ஏற்பைக் குலைத்து, இலையை வெளுக்கச் செய்யும். ஆகவே செம்பு மிகுந்த மண்ணைப் பற்றிய ஆய்வு, மண்ணிலுள்ள மொத்தச் செம்பினும் வேரை எட்டும் செம்பையே முதற்கண் நோக்குதல் வேண்டும்.

இவ்வேறுபாட்டை விளக்க அரியலூர், பெரம்பலூர் மாவட்டங்கள் தக்க களமாகும். கிரெட்டேசியக் காலக் கடற்படிவுகளான சுண்ணாம்புக்கற் பாறைகள் இங்குப் பரந்துள்ளன; சிமெண்டு ஆலைகள் நிலைபெற்றதும் அவற்றாலேயே. சுண்ணாம்பு மிகுந்த மண் காரத்தன்மையுடையது. காரம் ஏறுந்தோறும் செம்பின் கரைதிறன் குறையும். கார்பனேட்டாகவும் ஹைட்ராக்சைடாகவும் படிந்தும், களியிலும் மட்கிலும் பற்றியும் அது வேருக்கு எட்டாது நிற்கும். போர்தோ கலவையில் மயில்துத்தத்தோடு சுண்ணாம்பு சேர்ப்பதும் இவ்வேதியியலை ஒட்டியதே. சுண்ணாம்பு சேராத துத்தக் கரைசல் இலையைப் பொசுக்கிவிடும் என்பதை உழவர் நன்கறிவர்.

எனவே, செம்புப் பூசணக்கொல்லிகள் பலகாலம் தெளிக்கப்பட்ட சுண்ணாம்பு நிலத்தில் பயிர் செழித்திருப்பின், அதனை உடனே பயிரின் தாங்குதிறன் எனக் கொள்ளுதல் பொருந்தாது. அது மண் தரும் காப்பாகவும் இருக்கலாம். தாங்குதிறன் மரபுவழி வரும் பண்பு. கலிபோர்னியாவில் காப்பரோபோலிஸ் செம்புச் சுரங்கப் பகுதியில் வளரும் மிமுலஸ் கட்டேடஸ் செடியில் அப்பண்பை ஒரு முதன்மை மரபணு ஆள்வதை மேக்நேயர் 1983-இல் காட்டினார். இத்தகைய செடிகள் செம்பை வேரின் செல்சுவரில் பிணித்தும், மெட்டலோதயோனின் போன்ற புரதங்களால் பற்றியும், வாக்குவோலில் ஒதுக்கியும், செல்லுக்கு வெளியே தள்ளியும் தம்மைக் காத்துக்கொள்கின்றன.

சுண்ணாம்பு மண்ணில் பயிர்களின் இடர் பெரும்பாலும் இதற்கு நேர்மாறானது, மிகுதியன்று, பற்றாக்குறையே. இவ்விரு மாவட்டங்களிலும் மானாவாரியாகப் பயிராகும் மக்காச்சோளத்தின் வேர், இரும்பைப் பிணிக்கும் சேர்மங்களைச் சுரக்கிறது. அவை செம்பையும் துத்தநாகத்தையும் பற்றும். பருத்தி புல்லினத்தைச் சேர்ந்ததன்று. அதன் வேர் சூழ்மண்ணை அமிலமாக்கியும் இரும்பை ஒடுக்கியும் உலோகத்தைப் பெறும். ஒரே வயலில் மாறி மாறி வரும் இரு பயிர்கள் ஒரே மண்ணை இருவகையாக எதிர்கொள்கின்றன என்பது கருதத்தக்கது.

மொத்தச் செம்பை மட்டும் அளந்து இந்நிலங்களைச் செம்பு மிகுந்தவை எனக் குறித்தால், பற்றாக்குறையில் வாடும் பயிருக்கும் நச்சு மண்ணுக்குரிய பரிந்துரையே கிட்டும். சுண்ணாம்பு மண்ணுக்கென லிண்ட்சேவும் நார்வெல்லும் 1978-இல் வெளியிட்ட டி.டி.பி.ஏ. பிரிப்பு முறை, பயிருக்கு எட்டும் பகுதியை மதிப்பிட இன்றும் பயன்படுகிறது.