கணினிப் பாடம்: தரவுத்தளம் எந்த இயங்குதளத்தில் வேகம்?



ஆலய உபய ரசீது, தேவார வகுப்பு மாணவர் பதிவு, தைப்பூசப் பால்குடப் பதிவு என்று பலவும் இப்போது நோட்டுப் புத்தகத்தை விட்டுக் கணினிக்கு வந்துவிட்டன. கூடவே ஒரு விவாதமும் வந்துவிட்டது. "விண்டோஸ் மெதுவுங்க, லினக்ஸ் போடுங்க" என்பார் ஒருவர். "என் மேக்ல பறக்குது" என்பார் இன்னொருவர். நிர்வாகத்தினர் கடைசியில் இளைஞர் பிரிவைத்தான் கேட்பார்கள். நாம் ஊகித்துச் சொல்லக்கூடாது. அளந்து சொல்ல வேண்டும்.

இந்தப் பாடத்துக்கு நான் எடுத்துக்கொள்வது போஸ்ட்கிரஸ் என்ற தரவுத்தளம். இலவசம். லினக்ஸ், விண்டோஸ், மேக் மூன்றிலும் ஓடும். வேகத்தை அளக்க பிஜிபெஞ்ச் என்ற கருவியும் கூடவே வரும்.

1. முதலில் தேவையைக் கணக்கிடுங்கள்

திருவிழா நாளில் மூன்று கவுண்டர்கள், ஒவ்வொன்றிலும் அரை நிமிடத்துக்கு ஒரு ரசீது என்று வைத்துக்கொள்வோம். நிமிடத்துக்கு 6 பதிவுகள்தான். பழைய மடிக்கணினிக்குக்கூட இது வேலையே இல்லை. ஆக, நம் ஆலயத்துக்கு எது வேகம் என்பதைவிட, எது பதிவைத் தொலைக்காது என்பதுதான் பெரிய கேள்வி. இதை மனத்தில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

2. போட்டி சமமாக இருக்க வேண்டும்

மேக் கணினியையும் வேறொரு விண்டோஸ் கணினியையும் ஒப்பிட்டால், நாம் அளப்பது இயங்குதளத்தை மட்டும் அல்ல, கணினியையும் சேர்த்துத்தான். ஆகவே ஒரே கணினி, ஒரே வட்டு, ஒரே போஸ்ட்கிரஸ் பதிப்பு, ஒரே அமைப்புகள் வேண்டும். மடிக்கணினி என்றால் மின்சாரத்தில் செருகியே சோதிக்க வேண்டும். பேட்டரியில் ஓடும்போது அது தன் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். விண்டோஸில் வைரஸ் தடுப்பு மென்பொருள் தரவுக் கோப்புகளையும் ஒவ்வொன்றாகச் சோதித்துக்கொண்டிருந்தால், அந்த நேரமும் கணக்கில் சேர்ந்துவிடும்.

சோதனைத் தரவின் அளவும் முக்கியம். பிஜிபெஞ்ச் கருவியில் அளவு 1 என்றால் 1,00,000 கணக்குகள், ஆனால் ஒரே ஒரு கிளை. ஒவ்வொரு பரிவர்த்தனையும் அந்தக் கிளையின் வரியைத் திருத்தும். 10 பேர் சேர்ந்து ஓடினால் 10 பேரும் ஒரே வரிக்காக வரிசையில் நிற்பார்கள். அப்போது நாம் அளப்பது வரிசையைத்தான். அதனால் அளவு எண்ணை, ஓடுகிறவர்களின் எண்ணிக்கைக்குக் குறையாமல் வையுங்கள்.

இன்னொன்று. போஸ்ட்கிரஸ் ஒவ்வோர் இணைப்புக்கும் ஒரு தனி செயல்முறையைத் தொடங்குகிறது. லினக்ஸில் ஏற்கெனவே ஓடுவதிலிருந்து ஒரு நகல் பிரிந்துவிடும். விண்டோஸில் புதிதாகவே தொடங்க வேண்டும். அது அதிகச் செலவு. ஒவ்வொரு பதிவுக்கும் புது இணைப்பு திறக்கும் மென்பொருளில் விண்டோஸ் பின்தங்கித் தெரியும். திறந்த இணைப்பையே திரும்பப் பயன்படுத்தினால் அந்த வித்தியாசம் பெரும்பாலும் மறைந்துவிடும்.

நான் ஒவ்வொரு சோதனையையும் சில நிமிடங்கள் ஓட விடுவேன். மூன்று முறை ஓட்டி, நடுவில் வரும் எண்ணை எடுத்துக்கொள்வேன். முதல் ஓட்டத்தில் தரவு வட்டிலிருந்து வரும், அடுத்ததில் நினைவகத்திலிருந்து வரும். ஒரே ஓட்டத்தை நம்பக்கூடாது.

3. "எழுதிவிட்டேன்" என்ற வாக்கு

இந்தப் பாடத்தின் மையம் இதுதான். தரவுத்தளம் ஒரு பதிவை முடித்ததும் "எழுதிவிட்டேன்" என்று சொல்கிறது. அது ஒரு வாக்கு. அடுத்த நொடி மின்சாரம் போனாலும் பதிவு இருக்கும் என்று பொருள். ஆனால் வட்டுக்குள்ளும் ஒரு சின்ன தற்காலிக நினைவகம் உண்டு. தரவு அங்கே போய் நின்றாலே "எழுதியாச்சு" என்று பதில் வந்துவிடலாம். மின்சாரம் போனால் அங்கே இருந்தது போய்விடும்.

இயங்குதளங்கள் இங்கேதான் வேறுபடுகின்றன. லினக்ஸில் போஸ்ட்கிரஸின் வழக்கமான அமைப்பு எப்டேட்டாசிங்க். அது வட்டின் தற்காலிக நினைவகத்தையும் காலி செய்யச் சொல்லும். விண்டோஸில் வழக்கமான அமைப்பு ஓபன் டேட்டாசிங்க். வட்டின் எழுத்து கேஷ் திறந்திருந்தால் தரவு அங்கேயே நின்றுவிடக்கூடும். மேக்கில் எப்சிங்க் என்ற கட்டளை தரவை வட்டுவரை அனுப்பும்; வட்டு அதை உடனே நிரந்தரமாக எழுதும் என்ற உறுதி இல்லை என்று ஆப்பிள் கையேடே சொல்கிறது. முழு உறுதிக்குத் தனிக் கட்டளை வேண்டும்.

ஆக, அமைப்புகளைத் தொடாமல் சோதித்தால் விண்டோஸோ மேக்கோ லினக்ஸை முந்துவது போலத் தெரியலாம். ஒருவர் கோயில்வரை நடந்து போய்ப் பால்குடம் செலுத்துகிறார், இன்னொருவர் பாதி வழியிலேயே நின்றுகொண்டு "செலுத்தியாச்சு" என்கிறார். இரண்டு பேரின் நேரத்தையும் ஒப்பிட முடியுமா?

சமப்படுத்த வழி உண்டு. வால் சிங்க் மெத்தட் என்ற அமைப்பை விண்டோஸில் எப்சிங்க் என்றும், மேக்கில் எப்சிங்க் ரைட்த்ரூ என்றும் மாற்றுங்கள். லினக்ஸில் வழக்கமானதே போதும். அதன் பிறகு அளந்தால்தான் அது நியாயமான ஒப்பீடு. எப்சிங்க் வசதியையே அணைத்துவிட்டு "எவ்வளவு வேகம் பாருங்க" என்று காட்டுகிறவர்களும் உண்டு. மின்சாரம் போனால் அங்கே கடைசி ரசீது மட்டும் அல்ல, முழுத் தரவுத்தளமே கெட்டுப்போகலாம்.

பொய்யைக் கண்டுபிடிக்க ஓர் எளிய கணக்கும் இருக்கிறது. பழைய வகை வட்டு நிமிடத்துக்கு 7,200 சுற்று சுற்றும். 60ஆல் வகுத்தால் நொடிக்கு 120. ஒரே ஒருவர், ஒவ்வொரு பதிவாக முடித்தால், நொடிக்கு ஏறக்குறைய 120க்கு மேல் போக வழியில்லை. 3,000 என்று காட்டினால் பதிவு வட்டில் இல்லை, வழியில் எங்கோ நிற்கிறது. எஸ்எஸ்டி வட்டில் சுற்று கிடையாது, அதனால் இந்தக் கணக்கு பொருந்தாது. ஆனால் அதற்குள்ளும் தற்காலிக நினைவகம் உண்டு.

4. செய்து பாருங்கள்

• போஸ்ட்கிரஸோடு வரும் பிஜி டெஸ்ட் எப்சிங்க் கருவியை உங்கள் கணினியில் ஓட்டுங்கள். ஒவ்வொரு முறைக்கும் வரும் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். ஒன்று மட்டும் மிக அதிகமாக இருந்தால் ஏன் என்று யோசியுங்கள்.

• உங்கள் ஆலயத்தில் மிகப் பரபரப்பான நேரத்தில் நிமிடத்துக்கு எத்தனை பதிவு வருகிறது? எண்ணிப் பாருங்கள்.

• மின்சாரம் போனால் கணினியைச் சில நிமிடம் தாங்கும் யுபிஎஸ் அங்கே இருக்கிறதா? நேற்றைய தரவின் நகல் வேறோர் இடத்தில் இருக்கிறதா?

கிளைக் கூட்டத்தில் கலந்துரையாட: நம்பி ஐம்பது வெள்ளி கொடுத்த பாட்டியின் பெயர் பட்டியலில் இல்லை என்றால், "எங்க சிஸ்டம் ரொம்ப ஃபாஸ்ட்" என்று அவரிடம் சொல்ல முடியுமா? வேகமா, வாக்கா என்று வந்தால் நாம் எதை முதலில் வைப்போம்?