ரேடியோ கெட்டுப் போகல, வீடுதான் இரையுது!

(இரைச்சல் குறைந்த வெளி ஏரியல் - நாமே அமைப்போம்)



உங்க வீட்டுப் பரண்ல பழைய ரேடியோ இருக்கா? "அது கெட்டுப் போச்சு, ஒரே கொர்ர்னு சத்தம்"னு சொல்வாங்க. பழைய இரும்புக்காரரிடம் போடுவதற்கு முன் ஒரு சின்னச் சோதனை.

சோதனை: ரேடியோவில் பாட்டரி போடுங்க. மீடியம் வேவ் அல்லது ஷார்ட் வேவில், நிலையம் எதுவும் இல்லாத இடத்தில் முள்ளை வையுங்க. 'கொர்ர்' கேட்கும். இப்போ பெரியவர் ஒருவரிடம் சொல்லி மெயின் ஸ்விட்சை அணைக்கச் சொல்லுங்க. வீட்டில் இன்வெர்ட்டர் இருந்தால் அதையும் அணைக்கணும். சத்தம் சட்டென்று குறைந்தால் ரேடியோ மேல் தப்பில்லை.

காரணம் என்ன?

எல்.இ.டி. பல்பு, செல்போன் சார்ஜர், இன்வெர்ட்டர் எல்லாம் மின்சாரத்தை வினாடிக்குப் பல ஆயிரம் முறை வெட்டி வெட்டித்தான் வேலை செய்யுது. ஒவ்வொரு வெட்டும் ஒரு சின்ன ரேடியோ அலை. சுவருக்குள் ஓடும் ஒயர்களே அதற்கு ஏரியல் ஆகிவிடுகின்றன. மீடியம் வேவிலும் ஷார்ட் வேவிலும் ஒலி, அலையின் வீச்சு மாற்றத்தில் வருகிறது. இரைச்சலும் வீச்சைத்தான் மாற்றுகிறது. அதனால் இரண்டும் கலந்துவிடும். எஃப்.எம்.மில் ஒலி அதிர்வெண் மாற்றத்தில் வருவதால் அது தப்பித்துக்கொள்கிறது.

நீளக் கம்பி போட்டால் போதுமா?

போதாது. மாவு மில்லுக்குள் நின்றுகொண்டு நண்பன் பேசுவதைக் கேட்க முடியுமா? காதில் கையைக் குவித்தால் நண்பன் குரலும் கூடும், மில் சத்தமும் கூடும். மில்லை விட்டு வெளியே வரணும். அவ்வளவுதான்!

கணக்காகச் சொன்னால்: நிலையம் 10, இரைச்சல் 10 என்று வைத்துக்கொள்வோம். வீட்டுக்குள்ளேயே இரண்டு மடங்கு ஏரியல் கட்டினால் 20-க்கு 20. பயன் இல்லை. அதே கம்பி வெளியே தள்ளி இருந்து இரைச்சல் 2 ஆகக் குறைந்தால் 20-க்கு 2. இந்த விகிதம்தான் முக்கியம், கம்பியின் நீளம் அல்ல.

தேவையான பொருள்கள்

1. உறை போட்ட செம்பு ஒயர் - 15 மீட்டர்
2. கேபிள் டி.வி. ஒயர் - 15 மீட்டர்
3. ஃபெரைட் வளையம் (43 வகை) - 1
4. எனாமல் பூசிய மெல்லிய செம்புக் கம்பி - 1 மீட்டர்
5. ஒரு மீட்டர் இரும்புக் குழாய் - 2
6. நைலான் கயிறு, பி.வி.சி. குழாய்த் துண்டு, மூடியுள்ள பிளாஸ்டிக் டப்பா

செய்முறை

ஃபெரைட் வளையத்தில் எனாமல் கம்பியை 18 சுற்று சுற்றுங்க. அதைத் தொடாமல் தனியாக இன்னொரு 6 சுற்று. முனைகளில் எனாமலைச் சுரண்டி விடணும். இது ஒரு குட்டி டிரான்ஸ்ஃபார்மர். சுற்று விகிதம் 3 என்றால் மின்மறுப்பு விகிதம் 3 × 3 = 9 (பிளஸ் டூ மாணவர்கள் கவனிக்க!). நீளக் கம்பியின் சில நூறு ஓம்ஸை, கேபிளின் 75 ஓம்ஸுக்குப் பக்கத்தில் கொண்டுவரும்.

வீட்டிலிருந்து 10 மீட்டராவது தள்ளி, மரத்தடியில் டப்பாவை வைத்து, வளையத்தை அதற்குள் வையுங்க. 18 சுற்றின் ஒரு முனை ஏரியல் கம்பிக்கு, மறு முனை அங்கேயே மண்ணில் அடித்த குழாய்க்கு. 6 சுற்றின் ஒரு முனை கேபிளின் நடுக்கம்பிக்கு, மறு முனை வலைக்கு. ஏரியல் கம்பியை மேலே ஏற்றி, இரண்டு மரங்களுக்கு நடுவில் கயிறால் கட்டுங்க. கம்பிக்கும் கயிறுக்கும் நடுவில் பி.வி.சி. துண்டு. மரம் காற்றில் ஆடும், அதனால் கொஞ்சம் தொய்வு விடணும்.

கேபிளைத் தரையோடு தரையாகக் கொண்டு வாங்க. வீட்டுக்குள் நுழையும் இடத்தில் வலையை இரண்டாவது குழாயில் இணைக்கணும். வலை வழியாகப் போகும் வீட்டு இரைச்சல் அங்கே மண்ணில் இறங்கிவிடும். இரண்டு சுற்றும் தனித்தனி என்பதால் மிச்சமும் ஏரியலுக்கு எளிதில் போகாது. வீட்டு எர்த்தில் மட்டும் இணைக்காதீங்க. இரைச்சல் அதிலும் ஓடுது.

நடுக்கம்பியை ரேடியோவின் ஏரியல் குச்சியில் கிளிப் போட்டு மாட்டுங்க. வலை, பாட்டரி மைனஸுக்கு. ரேடியோ பாட்டரியில்தான் ஓடணும்.

கட்டாயம் கவனிக்க!

* கரண்ட் கம்பிக்கு மேலேயோ கீழேயோ பக்கத்திலேயோ ஏரியல் போகவே கூடாது. கயிறு அறுந்து விழுந்தாலும் அதைத் தொடாத தூரம் வேண்டும்.
* பெரியவர் துணையில்லாமல் மரம் ஏறாதீங்க.
* வானம் இருட்டுவதற்கு முன்பே கேபிளை ரேடியோவிலிருந்து கழற்றி வெளியே போட்டுவிடணும். இடி இடிக்கும்போது தொடக் கூடாது. மண்ணில் அடித்த குழாய் மின்னலைத் தடுக்காது.

கேட்டுப் பாருங்க

ஷார்ட் வேவில் பல நிலையங்கள் போய்விட்டது உண்மைதான். பி.பி.சி. தமிழோசையின் சிற்றலை ஒலிபரப்பும் 2017 ஏப்ரலோடு நின்றது. ஆனாலும் இரவில் 10,000 கிலோ ஹெர்ட்ஸில் வையுங்க. 'டிக்... டிக்...' என்று வினாடிக்கு ஒரு சத்தம் வந்தால், அது சுமார் 4,000 கி.மீ. தள்ளி சீனாவிலிருந்து வரும் பி.பி.எம். நேர ஒலிபரப்பாக இருக்கலாம்.

உங்களுக்குத் தெரியுமா?

அமெரிக்காவில் கார்ல் ஜான்ஸ்கி என்ற பொறியாளர், தொலைபேசிக்கு இடையூறு தரும் இரைச்சல் எங்கிருந்து வருதுன்னு தேடினார். இடிமின்னலைக் கழித்த பிறகும் மெல்லிய இரைச்சல் ஒன்று மிச்சம் இருந்தது. அது நம் பால்வீதியிலிருந்து வருவதை 1933-ல் அறிவித்தார். ரேடியோ வானியல் பிறந்தது இப்படித்தான்!

2018 நவம்பரில் கஜா புயல் அடித்தபோது டெல்டா ஊர்களில் கரண்ட்டும் இல்லை, செல்போன் டவரும் இல்லை. அந்த மாதிரி நாளில் பாட்டரி ரேடியோ ஒன்று வீட்டில் இருந்தால் செய்தி வரும். அதனால் பரண்ல இருப்பதை இறக்குங்க, முதலில் அந்த மெயின் ஸ்விட்ச் சோதனையைச் செய்யுங்க. எந்தப் பல்பு, எந்த சார்ஜர் அதிகமா இரையுதுன்னு பட்டியல் போட்டுக் கொடுத்தால் அடுத்த இதழில் எழுதுவோம்.

- அறிவியல் மன்றம், 11-ஆம் வகுப்பு