பழைய டேப் கேமரா: எதை வாங்கலாம், எதை விட்டுவிடலாம்

வீட்டு விசேஷங்களைப் பழைய டேப் கேமராவில் பிடிக்கும் ஆசை இப்போது பலருக்கும் வந்திருக்கிறது. கேமராவும் மலிவாகவே கிடைக்கிறது. ஒரு காலத்தில் துபாயிலிருந்தோ சிங்கப்பூரிலிருந்தோ வரும் சொந்தக்காரரிடம் சொல்லிவைத்து வாங்கிய ஹேண்டிகேம்கள் பரணிலிருந்து இறங்கி செகண்ட் ஹேண்ட் சந்தைக்கு வந்துவிட்டன. வாங்குவது சுலபம், படம் பிடிப்பது அதைவிடச் சுலபம். பிடித்ததை டேப்பிலிருந்து கம்ப்யூட்டருக்கு இறக்கும்போதுதான் தலைவலி ஆரம்பிக்கும். லென்ஸையும் ஜூமையும் மட்டும் பார்த்து வாங்கியவர்கள் திகைத்து நிற்பது இந்த இடத்தில்தான். டேப் கேமராவைப் பொறுத்தவரை, படம் உள்ளே போகும் வழியைவிட வெளியே வரும் வழியைப் பார்த்து வாங்குவதே புத்திசாலித்தனம்.

செல்போன் இருக்க இது எதற்கு?

நியாயமான கேள்வி. படத்தின் துல்லியத்தில் இன்றைய சாதாரண செல்போன்கூட இந்தக் கேமராக்களைத் தாண்டிவிடும். அதில் போட்டியே கிடையாது. டேப் கேமராவின் பலம் வேறு. 10 மடங்கு, 20 மடங்கு என ஆப்டிகல் ஜூம் இருப்பதால், பள்ளி ஆண்டு விழாவில் கடைசி வரிசையில் உட்கார்ந்தபடியே மேடையில் நிற்கும் பிள்ளையின் முகத்தைப் பிடித்துவிடலாம். நடுவில் போன் அழைப்பு வராது. சின்னப் பிள்ளைகள் கையில் கொடுத்துவிட்டுப் பதறவும் வேண்டியதில்லை. எல்லாவற்றுக்கும் மேலாக, ஒரு கேசட் என்றால் பெரும்பாலும் ஒரு மணி நேரம்தான். அந்தக் கணக்கு மனதில் இருந்தால் கண்டதையெல்லாம் பிடிக்கத் தோன்றாது. பிடித்தது எல்லாம் பிடித்த வரிசையிலேயே ஒரே கேசட்டில் இருக்கும். இவை உங்களுக்குப் பெரிதாகப் படவில்லை என்றால் செல்போனே போதும். பணம் மிச்சம்.

முதலில் இரண்டு கேள்விகள்

ஒன்று, வீட்டில் ஏற்கெனவே பழைய கேசட்டுகள் இருக்கின்றனவா? இருந்தால் எந்த அளவு? ஆடியோ கேசட் அளவில் கொஞ்சம் தடிமனாக இருந்தால் அது 8 மி.மீ. வகை. தீப்பெட்டியைவிடச் சற்றே பெரியதாக இருந்தால் மினிடிவி. இரண்டுக்கும் இடைப்பட்ட உயரத்தில் கனமாக, ஒரு பக்கம் பல்சக்கரம் தெரிந்தால் விஹெச்எஸ்-சி.

இரண்டு, இறக்கப்போகும் கம்ப்யூட்டர் எது? உள்ளே கார்டு சொருக இடமுள்ள டெஸ்க்டாப் இருந்தால் எந்த வகையையும் சமாளிக்கலாம். லேப்டாப் மட்டும்தான் என்றால், டிஜிட்டல் வகைகளை இறக்கத் தேவையான ஃபயர்வயர் துளை உள்ள பழைய லேப்டாப் ஒன்றையும் கேமராவோடு சேர்த்துத் தேட வேண்டியிருக்கும். இந்த இரண்டுக்கும் பதில் தெரிந்துவிட்டால் பாதித் தேர்வு முடிந்த மாதிரி.

விஹெச்எஸ், விஹெச்எஸ்-சி

தோளில் தூக்கிவைத்துப் பிடிக்கும் பெரிய விஹெச்எஸ் கேமராக்களைக் கல்யாண வீடுகளில் பார்த்திருப்பீர்கள். அதே டேப்பைச் சின்னப் பெட்டியில் அடைத்து 1982-இல் வந்தது விஹெச்எஸ்-சி. 1985-இல் வெளியான ‘பேக் டு த ஃப்யூச்சர்’ படத்தில் கதாநாயகன் மார்ட்டி கையில் வைத்திருக்கும் ஜேவிசி ஜிஆர்-சி1 இந்த வகைதான். பார்க்க அழகு. ஆனால் படம் சுமார் 240 கோடுகள் துல்லியம்தான். நம் ஊர்த் தொலைக்காட்சி முறையான பால் (PAL) வகைக் கேசட்டில் 30 அல்லது 45 நிமிடம்தான் பிடிக்கும். இறக்குவதற்கு மஞ்சள், சிவப்பு, வெள்ளை ஏவி ஒயரும், அதில் வரும் படத்தைக் கம்ப்யூட்டர் ஃபைலாக மாற்றும் ஒரு கேப்சர் கருவியும் வேண்டும். புதிதாகப் படம் பிடிக்க இதை வாங்காதீர்கள். பழைய விஹெச்எஸ்-சி கேசட் வீட்டில் இருக்கிறது என்பதற்காகவும் கேமரா வாங்க வேண்டியதில்லை. அடாப்டர் கேசட்டில் போட்டால் சாதாரண விசிஆரிலேயே ஓடும்.

வீடியோ8, ஹை8

1985-இல் சோனி கொண்டுவந்த வீடியோ8, கையில் அடங்கும் கேமராவை வீடுகளுக்குள் கொண்டுவந்தது. 1989-இல் வந்த ஹை8 துல்லியத்தைச் சுமார் 400 கோடுகளுக்கு உயர்த்தியது. நிறங்கள் கொஞ்சம் கசிந்து, ஓரங்கள் மென்மையாகத் தெரியும் அந்தப் ‘பழைய வீடியோ’ தோற்றம்தான் உங்கள் ஆசை என்றால் ஹை8 நல்ல தேர்வு. எஸ்-வீடியோ துளை இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். மஞ்சள் ஒயரைவிட அதில் படம் தெளிவாக வரும்.

இதில் ஒரு ஆபத்து உண்டு. 80-களின் கடைசியிலும் 90-களின் தொடக்கத்திலும் வந்த கேமராக்களில் உள்ளிருக்கும் சிறிய கெபாசிட்டர்கள் ஒழுகிப் போகின்றன. கேசட் மூடியைத் திறந்து முகர்ந்தால் லேசான மீன் வாடை அடிக்கும், வியூஃபைண்டர் மங்கும், சத்தம் இழுக்கும். அப்படிப்பட்டதை எவ்வளவு குறைத்துக் கொடுத்தாலும் வாங்காதீர்கள். 90-களின் பிற்பாதியில் வந்த மாடல்கள் பாதுகாப்பானவை. தேதி, நேரத்தைத் திரையில் காட்டும் வசதியை அணைத்துவிட்டே பிடியுங்கள். இந்த வகையில் தேதி படத்தின் மேலேயே பதிந்துவிடும், பிறகு எடுக்க முடியாது.

டிஜிட்டல்8

1999-இல் சோனி ஒரு சமரசம் செய்தது. அதே 8 மி.மீ. கேசட், ஆனால் பதிவது டிஜிட்டல். டேப் வேகமாக ஓடுவதால் 90 நிமிட பால் கேசட்டில் 60 நிமிடம் பிடிக்கும். இந்தக் கேமராக்களில் பலவும் பழைய வீடியோ8, ஹை8 கேசட்டுகளையும் ஓட்டும். ஓட்டும்போதே டிஜிட்டலாக மாற்றி ஃபயர்வயர் வழியே கம்ப்யூட்டருக்கு அனுப்பிவிடும். தனியாகக் கேப்சர் கருவி தேவையில்லை. பரணில் 8 மி.மீ. கேசட்டுகள் கிடக்கும் வீட்டுக்கு இதைவிடப் பொருத்தமான கேமரா இல்லை. புதிதாகவும் பிடிக்கலாம், பழையதையும் மீட்கலாம்.

எல்லா மாடலுக்கும் இந்தத் திறமை கிடையாது. டிஆர்வி 340, 480 போன்றவை பழைய கேசட்டை ஓட்டும்; விலை குறைந்த சில மாடல்கள் டிஜிட்டல் பதிவை மட்டுமே ஓட்டும். பழைய கேசட் ஒன்றைக் கையோடு கொண்டுபோய்ப் போட்டுப் பார்த்துவிட்டுப் பணத்தைக் கொடுங்கள்.

மினிடிவி

1995-இல் வந்தது. 6.35 மி.மீ. அகல டேப், 60 நிமிடம், சுமார் 500 கோடுகள் துல்லியம். டேப்பில் இருப்பது டிஜிட்டல் பதிவு என்பதால் ஃபயர்வயரில் இறக்குவது வெறும் நகல் எடுப்பதுதான், தரம் குறையாது. ஒரு மணி நேரம் ஏறக்குறைய 13 ஜிபி. 1 டிபி டிஸ்க்கில் 70 மணி நேரத்துக்கு மேல் கொள்ளும். தேதியும் நேரமும் படத்தில் ஒட்டாமல் தனித் தகவலாகப் பதியும். வேண்டும்போது பார்க்கலாம், வேண்டாவிட்டால் மறைக்கலாம். பிற்காலத்தில் ‘இது எந்தப் பிறந்தநாள்’ என்று வீட்டில் வாக்குவாதம் வராது.

சினிமாக்காரர்களும் இதை விரும்பியிருக்கிறார்கள். ஆக்னஸ் வர்தா 2000-இல் வெளியிட்ட ‘த க்ளீனர்ஸ் அண்ட் ஐ’ ஆவணப்படத்தைச் சின்ன டிஜிட்டல் கேமராவோடு சுற்றித்தான் எடுத்தார். 2022-இல் வந்த ‘ஆஃப்டர்சன்’ படத்தில் அப்பாவும் மகளும் மாறி மாறிப் பிடிக்கும் வீட்டு வீடியோக்கள் மினிடிவியில் எடுத்தவை. முதன்முறையாக டேப் கேமரா வாங்குபவருக்கு என் சிபாரிசு இதுதான்.

வாங்கியதும் மெனுவில் இரண்டு மாற்றங்கள் செய்யுங்கள். ஒலி 12 பிட் என்றிருந்தால் 16 பிட் ஆக்குங்கள். டேப் வேகம் எஸ்பி-யிலேயே இருக்கட்டும். எல்பி-யில் 90 நிமிடம் கிடைக்கும் என்று ஆசைப்பட்டால், அந்தக் கேசட் வேறு கேமராவில் ஓடாமல் போகக்கூடும்.

ஹெச்டிவி

அதே மினிடிவி கேசட்டில் 1440 x 1080 அகலப் படம். 2003-இல் வந்தது; கேனன் ஹெச்வி20 போன்றவை இன்றும் தேடப்படுகின்றன. இன்றைய தொலைக்காட்சியில் பளிச்சென்று தெரியும். விலை கூடுதல். டேப்பில் சிறு பழுது இருந்தாலும் பாதிப்பு அதிகம்: மினிடிவியில் ஒரு ஃபிரேம் கெடும் இடத்தில், இதில் அரை விநாடிப் படம் உறைந்து நிற்கும். நல்ல கேசட்டும் பராமரிப்பும் இருந்தால் மட்டும் இந்தப் பக்கம் போங்கள்.

மைக்ரோஎம்வி என்று 2001-இல் சோனி விட்ட இன்னொரு சின்னக் கேசட் வகையும் உண்டு. சும்மா கொடுத்தாலும் வேண்டாம். கேசட்டும் கிடைக்காது, இறக்குவதும் சிரமம்.

கடையில் கையில் எடுத்ததும்

எஜெக்ட் பட்டனை அழுத்துங்கள். மோட்டார் முனகி, வெளி மூடி திறந்து, உள்ளே இருக்கும் கூடு மெல்ல மேலெழ வேண்டும். கேசட்டைப் போட்டு, ‘புஷ்’ என்று எழுதியிருக்கும் இடத்தில் மட்டும் விரலால் அழுத்தினால் கூடு தானாகவே கீழே இறங்கும். அது முழுக்க இறங்கிய பிறகே வெளி மூடியைச் சாத்த வேண்டும். அவசரப்பட்டுச் சாத்தினால் கூடு கோணிக்கொள்ளும். உள்ளே சாய்வாகப் பளபளக்கும் உருளைதான் ஹெட் டிரம். விரல் படக் கூடாது.

ஐந்து நிமிடம் பிடித்து, பின்னோட்டிப் போட்டுப் பாருங்கள். படத்தில் சதுரம் சதுரமாகச் சிதறல் தெரிந்தால் ஹெட்டில் அழுக்கு. க்ளீனிங் கேசட்டைச் சில விநாடி ஓட்டினால் சரியாகலாம். சரியாகாவிட்டால் ஹெட் தேய்ந்துவிட்டது. சோனி கேமராவில் சி:31, சி:32 என்று எழுத்து மின்னினால் டேப்பை ஓட்டும் பகுதியில் கோளாறு, வைத்துவிட்டு வந்துவிடுங்கள். திரை முழுக்கக் கறுப்பாகவோ ஊதா கலந்து கோணலாகவோ தெரிந்தால் சென்சார் போய்விட்டது. 2002 முதல் 2004 வரை தயாரான பல கம்பெனிக் கேமராக்களில் இருந்த குறை இது.

மாடல் எண்ணின் கடைசி எழுத்தையும் பாருங்கள். சோனியில் ‘இ’ என்று முடிந்தால் பால் முறை. நமக்கும் இலங்கை, மலேசியா, சிங்கப்பூருக்கும் அதுவே. அமெரிக்கா, ஜப்பானிலிருந்து வந்தவை என்டிஎஸ்சி. அவற்றை வைத்து நம் ஊர் டியூப்லைட் வெளிச்சத்தில் பிடித்தால் படம் துடிக்கும். ஷட்டரை 1/100 என்று வைக்கும் வசதி இருந்தால் ஓரளவு அடங்கும்.

பேட்டரி ஏறக்குறைய எல்லாவற்றிலும் செத்திருக்கும். சோனி என்பி-எஃப் வகைக்கு மட்டும் கவலையில்லை. எல்இடி விளக்குகளுக்கும் அதே பேட்டரி ஓடுவதால் புதிதாகவே கிடைக்கிறது.

கேசட்டும் பருவநிலையும்

மினிடிவி கேசட் தயாரிப்பை சோனி 2025 பிப்ரவரியோடு நிறுத்திவிட்டது. இனி கிடைப்பதெல்லாம் பழைய சரக்கு. பிரிக்காத பெட்டியாகப் பார்த்து வாங்குங்கள். பயன்படுத்திய கேசட் என்றால் கண்ணாடி வழியே டேப் சுருளின் ஓரத்தைப் பாருங்கள். வெள்ளையாகப் பொடி படிந்திருந்தால் பூஞ்சை. அதைப் போட்டால் ஹெட்டுக்கும் ஒட்டிக்கொள்ளும்.

ஏசி மண்டபத்திலிருந்து கேமராவை வெளியே புழுக்கத்துக்குக் கொண்டுவந்தால் டிரம்மில் ஈரம் படியும். டேப் அதில் ஒட்டிக் கிழியவும் கூடும். பையிலேயே மூடி வைத்து வெளிச் சூட்டுக்குப் பழகவிட்டு எடுங்கள். ஈரத்துளி அடையாளமோ சி:21 என்ற எழுத்தோ வந்தால் கேசட்டை எடுத்துவிட்டு மூடியை ஒரு மணி நேரம் திறந்து வையுங்கள்.

இறக்கும் வேலை

மினிடிவிக்கும் டிஜிட்டல்8-க்கும் ஃபயர்வயரே வழி. கேமராவில் யுஎஸ்பி துளை இருந்தாலும் பெரும்பாலும் அது ஃபோட்டோவுக்கும் வெப்கேமுக்கும்தான். ஒரு முனை யுஎஸ்பி, மறு முனை ஃபயர்வயர் என்று மலிவாக விற்கும் ஒயர் வேலையே செய்யாது. அதில் பணத்தை விடாதீர்கள். டெஸ்க்டாப்பில் பிசிஐ எக்ஸ்பிரஸ் ஃபயர்வயர் கார்டு சொருகி, விண்டோஸுக்கு ‘லெகஸி’ டிரைவரைப் போட்டு, விண்டிவி என்ற இலவச மென்பொருளில் இறக்கலாம். லினக்ஸில் டிவிகிராப் உண்டு. பழைய மேக் வைத்திருந்தால் அதை விற்காதீர்கள். 2025-இல் வந்த மேக்ஓஎஸ் டாஹோ ஃபயர்வயரைக் கைவிட்டுவிட்டது. ஒயர் மாட்டும்போது இரு பக்கமும் அணைத்திருக்கட்டும். ஓடும்போது தவறாகச் சொருகினால் துளை எரிந்துபோகும்.

இறக்கிய மூல ஃபைலை அப்படியே வைத்துக்கொள்ளுங்கள். உறவினர்களுக்கு அனுப்ப மட்டும் ஹேண்ட்பிரேக் என்ற மென்பொருளில் டீஇன்டர்லேஸ் செய்து (படத்தில் கோடு கோடாகப் பிரிந்து தெரிவதை நீக்கி), விநாடிக்கு 50 ஃபிரேமாக ஒரு எம்பி4 எடுங்கள்.

யாருக்கு எது?

புதிதாகத் தொடங்குபவருக்கு மினிடிவி. வீட்டில் 8 மி.மீ. கேசட்டுகள் இருந்தால், பழையதையும் ஓட்டும் டிஜிட்டல்8. அந்தக் காலத் தோற்றமே வேண்டும் என்பவருக்கு 90-களின் பிற்பாதி ஹை8. பெரிய தொலைக்காட்சியில் பார்க்க வேண்டும், செலவுக்கும் தயார் என்பவருக்கு ஹெச்டிவி. விஹெச்எஸ்-சி கேமரா அலங்காரத்துக்கு.

பட்ஜெட்டில் பாதியைக் கேமராவுக்கும் மீதிப் பாதியைக் கேசட், பேட்டரி, கார்டு, ஒயருக்கும் ஒதுக்குங்கள். கேமரா வந்த அன்றே ஐந்து நிமிடம் எதையாவது பிடித்து, இறக்கி, எம்பி4 ஆக்கி, ஒருவருக்கு அனுப்பிப் பாருங்கள். அது கடைசிவரை ஓடினால் அடுத்த விசேஷத்துக்குத் தைரியமாக எடுத்துப் போகலாம். ஓடாவிட்டால், திருப்பிக் கொடுக்க இன்னும் அவகாசம் இருக்கும்.